அசை போட்டுப் படியுங்கள்

(கொடைக்கானலில் நடைபெற்ற முன்னாள் மாணவர் சந்திப்பில், இறுதியாண்டு மாணவ மாணவியரை முன்னிட்டு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு 'இறுதித் தேர்வை எதிர்கொள்வது எப்படி?' என்பது. நான் 2011-இல் சிவில் முடித்து வெளியே போனவன். ரேங்க் பட்டியலில் என் பெயரைத் தேட வேண்டாம், கிடைக்காது. ஆனாலும் இந்தத் தலைப்பில் பேச எனக்கு ஒரு தகுதி இருக்கிறது. என் தங்கை நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்தவள். அவள் தேர்வுக்குப் படித்த விதத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். நம் கல்லூரியில் நான்கு வருடம் இருந்தும் எனக்குப் பிடிபடாத ஒரு விஷயம், அவள் படிப்பதைப் பார்த்துத்தான் பிடிபட்டது. இன்னும் ஐந்து வாரத்தில் உங்களுக்கு யூனிவர்சிட்டி எக்ஸாம். அதனால் அந்த ஒரு விஷயத்தை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்து விடுகிறேன். சிவில்காரன் மாட்டைப் பற்றிப் பேசுகிறானே என்று நினைக்காதீர்கள், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

ஒரு உடம்பு அல்ல, ஏழெட்டு உடம்பு

எம்.பி.பி.எஸ். படிக்கிறவர் ஒரே ஒரு பிராணியைப் பற்றிப் படித்தால் போதும். கால்நடை மருத்துவம் படிக்கிறவருக்கு மாடு, எருமை, ஆடு, குதிரை, பன்றி, நாய், பூனை, கோழி என்று ஒரு பெரிய குடும்பமே உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு. மாட்டுக்கு விலா எலும்பு 13 ஜோடி, குதிரைக்கு 18 ஜோடி. மாட்டுக்குப் பித்தப்பை உண்டு, குதிரைக்குக் கிடையாது. மாட்டின் மேல் தாடையில் முன்பற்களே இல்லை. ஆடு ஈன ஏறக்குறைய 150 நாள், பசுவுக்கு 280 நாளுக்குச் சற்று மேல், எருமைக்கு 310 நாள், பன்றிக்கு 114 நாள். பன்றியின் கணக்கை மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள் என்று ஞாபகம் வைத்துக் கொள்வார்களாம். நமக்குக் காய்ச்சல் வந்தால் சாதாரணமாகப் போட்டுக்கொள்ளும் பாராசிட்டமால், பூனைக்கு விஷம். ஒரு மாத்திரையே உயிரை எடுத்துவிடும்.

இன்றைக்கு அது ஐந்தரை ஆண்டுப் படிப்பு, அதில் கடைசி ஒரு வருடம் பயிற்சி. ஒவ்வொரு பாடத்துக்கும் எழுத்துத் தேர்வு, செய்முறை, வைவா. வைவாவில் ஒரு எலும்பைக் கையில் கொடுத்து, 'இது எந்தப் பிராணி, எந்தக் கால், இடதா வலதா?' என்று கேட்பார்களாம். எங்கள் காலத்து டூ மார்க், சிக்ஸ்டீன் மார்க் எல்லாம் இதற்கு முன்னால் சும்மா!

இவ்வளவையும் எப்படித்தான் மண்டையில் ஏற்றுகிறாள் என்பது எனக்கு ஆச்சரியம். எங்கள் ஊர் தாண்டிக்குடி. கீழ்ப்பழனி மலையில் காபியும் மிளகும் மலை வாழையும் விளைகிற ஊர். ஸ்டடி ஹாலிடேஸுக்கு வீட்டுக்கு வந்தால் அவள் படிப்பதைப் பார்க்க வேடிக்கையாக இருக்கும். அரை மணி நேரம் புத்தகம் படிப்பாள். அப்புறம் அதை மூடி வைத்துவிட்டு, காபிக் களத்தில் நடந்துகொண்டே தனக்குத்தானே பேசுவாள். பாதியில் தடுமாறி நிற்பாள், நெற்றியைத் தேய்ப்பாள். உடனே ஓடிப்போய்ப் புத்தகத்தைப் பார்க்க மாட்டாள். இன்னும் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் திறந்து பார்ப்பாள். மறுநாள் காலை மாட்டுத் தொழுவத்தில் நின்று அதே பாடத்தைத் திரும்பச் சொல்லுவாள். எங்கள் அம்மா, "ஏம்மா, மாட்டுக்கா பாடம் நடத்துற?" என்று கேட்பார்கள்.

நான் ஒரு நாள், "பாப்பா, ஏன் இப்படி அலையுற, உட்கார்ந்து நாலு தடவை படிச்சா போதாதா?" என்றேன். அதற்கு அவள், "அண்ணே, மாடு எப்படித் திங்குதுன்னு பார்த்திருக்கியா?" என்று கேட்டாள்.

மாடு சொல்லிக் கொடுத்த பாடம்

மேய்கிற மாடு மெல்லாமல் அவசர அவசரமாக விழுங்கும். விழுங்கியது எல்லாம் ரூமன் என்ற முதல் அறையில் போய்ச் சேரும். வளர்ந்த மாட்டுக்கு அது நூறு லிட்டருக்கு மேல் கொள்கிற பெரிய பீப்பாய். வயிறு நிறைந்ததும் மாடு நிழலில் படுத்துக்கொள்ளும். அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை ஆரம்பம். விழுங்கியதை ஒவ்வொரு கவளமாக வாய்க்குத் திரும்பக் கொண்டு வந்து, நிதானமாக மென்று, உமிழ்நீரில் ஊறவைத்து, மறுபடியும் உள்ளே அனுப்பும். ஒரு நாளில் ஏழெட்டு மணி நேரம் இந்த வேலைதான். மாட்டு டாக்டர் வந்தால் முதலில் கேட்கிற கேள்விகளில் ஒன்று, "அசை போடுதா?" என்பது. அசை போடுவது நின்றால் மாட்டுக்கு ஏதோ சரியில்லை என்று அர்த்தம்.

தங்கை சொன்னாள்: "புத்தகத்தைப் படிக்கிறது மேயுறது மாதிரி. மூடி வெச்சுட்டுத் திரும்பக் கொண்டு வர்றதுதான் அசை போடுறது. மேஞ்சா மட்டும் பால் வராதுண்ணே."

நம் தமிழில் யோசித்துப் பார்ப்பதையே 'அசை போடுதல்' என்றுதானே சொல்கிறோம்! நம் முன்னோர்கள் மாட்டைப் பார்த்தே இதைக் கண்டுபிடித்து விட்டார்கள். விஞ்ஞானிகள் பிறகு வந்து அளந்து காட்டினார்கள். அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் 2006-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மாணவர்களிடம் ஒரு சிறு பாடத்தைக் கொடுத்தார்கள். ஒரு பிரிவினர் அதை இரண்டு முறை படித்தார்கள். இன்னொரு பிரிவினர் ஒரு முறை படித்துவிட்டு, பாடத்தைப் பார்க்காமல் நினைவில் இருந்ததை எல்லாம் எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது இரண்டு முறை படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது கதை மாறியது. படித்தவர்களுக்கு ஞாபகம் இருந்தது 42 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது அந்த ஐந்து நிமிடம். திரும்பத் திரும்பப் படிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரியே இருக்கும். அது தெரிந்தது அல்ல, பழகியது. தினமும் பார்க்கிற பஸ் கண்டக்டரின் முகம் பழக்கம்தான், ஆனால் வரையச் சொன்னால் வருமா? புத்தகத்தை மூடினால்தான் நமக்கு எது தெரியும், எது தெரியாது என்பது தெரியும். அது கஷ்டமாக இருக்கிறதே என்றால், கஷ்டப்பட்டு நினைவுக்குக் கொண்டு வருகிற அந்த நேரத்தில்தான் பாடம் உள்ளே ஒட்டுகிறது.

தாண்டிக்குடியில் ஒரு இரவு

இதெல்லாம் மார்க்குக்காக என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். 2014 நவம்பர், மழைக்காலம். தங்கை படிப்பின் கடைசிக் கட்டத்தில் தேர்வுக்குப் படிக்க வீட்டுக்கு வந்திருந்தாள். நானும் லீவில் ஊருக்குப் போயிருந்தேன். சாயங்காலம் எங்கள் பசு கயிற்றை அறுத்துக்கொண்டு போய், ஈரம் சொட்டும் பீன்ஸ் கொடியை வயிறு முட்ட மேய்ந்துவிட்டது. இரவு பதினொன்றரை மணிக்குத் தொழுவத்தில் சத்தம். போய்ப் பார்த்தால் மாட்டின் இடப்பக்க வயிறு பலூன் மாதிரி உப்பி நிற்கிறது. நாக்கை நீட்டி மூச்சுக்குத் திணறுகிறது.

டாக்டர் இருந்தது வேறு ஊரில். பைக்கில் நாற்பது நிமிடம், அதுவும் அந்தப் பனிமூட்டத்தில். மிளகுக் கொடிப் பக்கம் நின்றால்தான் செல்போனில் சிக்னல் வரும். நான் அங்கே நின்று போனை ஸ்பீக்கரில் பிடிக்க, டாக்டர் கேள்வி கேட்க, தங்கை தொழுவத்திலிருந்து கத்திக் கத்திப் பதில் சொன்னாள்.

"எந்தப் பக்கம்மா உப்பியிருக்கு?" "இடது, சார்." "தட்டிப் பார், என்ன சத்தம்?" "மத்தளம் மாதிரி, சார்." "என்ன தின்னுச்சு?" "ஈர பீன்ஸ் கொடி, சார்." "அப்ப என்ன நினைக்கிறே?" "நுரை உப்புசம் சார், காத்து தனியா இல்லை, நுரையோட கலந்திருக்கு." "என்ன செய்யப் போறே?" "முன்னங்காலை மேட்டுல நிறுத்தறேன் சார். வாயில குச்சி கட்டறேன், உமிழ்நீர் ஊறும். எண்ணெய் குடுக்கலாமா சார்?" "குடு, கடலெண்ணெய் கால் லிட்டர். தலையை ரொம்பத் தூக்காதே, நாக்கை இழுக்காதே." "தெரியும் சார், நுரையீரலுக்குப் போயிடும்." "சரி, நான் கிளம்பிட்டேன்."

என் வாழ்க்கையில் நான் பார்த்த வைவா அதுதான். எண்ணெய் உள்ளே போனால் நுரைக் குமிழிகள் உடையும், காற்று பிரிந்து ஏப்பமாக வெளியேறும் என்று பிறகு விளக்கினாள். உப்பிய ரூமன் நுரையீரலை விரியவிடாமல் நெருக்கி, மாட்டை மூச்சு முட்டவைத்தே கொன்றுவிடுமாம். டாக்டர் வந்து சேர்ந்தபோது மாடு இரண்டு பெரிய ஏப்பம் விட்டிருந்தது. மீதி வைத்தியத்தை அவர் பார்த்துக்கொண்டார். விடிகிற நேரத்தில் அது அசை போட ஆரம்பித்தது. எங்கள் அம்மா அழுதேவிட்டார்கள்.

அந்த இரவில் புத்தகம் வீட்டுக்குள் மேஜைமேல்தான் இருந்தது. ஆனால் எடுத்துப் புரட்ட நேரம் எங்கே? தேர்வு ஹாலில் புத்தகம் இல்லாமல் உட்கார வைக்கிறார்களே, அது ஏன் என்று அன்றைக்கு எனக்குப் புரிந்தது. தங்கையின் தேர்வில் நுரை உப்புசம் பற்றிக் கேள்வி வந்ததா என்று கேட்பீர்கள். வரவில்லை!

(ஒரு வார்த்தை. இதைக் கேட்டுவிட்டு நீங்களாக மாட்டு வைத்தியம் பார்க்கக் கிளம்ப வேண்டாம். இன்றைக்கு 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும்.)

நம் துறைக்கும் இது பொருந்தும். 2018 நவம்பரில் கஜா புயல் இந்தக் கொடைக்கானல் மலையைப் புரட்டிப் போட்டது. மரம் சாய்ந்தது, மண் சரிந்தது, ஊர்கள் துண்டிக்கப்பட்டன. சரிந்த சாலையில் நிற்கிற இன்ஜினியரிடம், 'இந்தப் பக்கம் வண்டி விடலாமா, கூடாதா?' என்று கேட்பார்கள். தடுப்புச் சுவருக்குப் பின்னால் தண்ணீர் தேங்கினால் அழுத்தம் எவ்வளவு ஏறும் என்பது அந்த நேரத்தில் மனதில் இருக்க வேண்டும். 'நோட்ஸ் ஹாஸ்டல்ல இருக்கு சார்' என்று சொல்ல முடியாது.

ஒரே இரவில் விழுங்கினால்

மாட்டுப் பொங்கலன்று பிரியத்தில் பானைப் பொங்கலையும் மாட்டுக்கு ஊட்டுகிறவர்கள் உண்டு. மறுநாள் மாட்டு டாக்டருக்கு ஓய்வே இருக்காது. அரிசி வேகமாகப் புளித்து, ரூமனில் அமிலம் பெருகி, செரிமானத்துக்கு உதவுகிற நுண்ணுயிர்கள் செத்து, மாடு சுருண்டு படுத்துவிடும். பழக்கமில்லாத தீனி, அளவுக்கு மீறி, ஒரே வேளையில். தேர்வுக்கு முதல் நாள் ஐந்து யூனிட்டையும் விடிய விடியப் படிப்பது இதுதான். உள்ளே போயிருக்கும், ஆனால் செரித்திருக்காது.

நம் பாஷையில் சொல்வதானால் கான்கிரீட்டைப் பாருங்கள். 28 நாளில்தான் அதன் பலத்தைச் சோதிக்கிறோம். தினமும் தண்ணீர் விட்டு க்யூரிங் செய்கிறோம். 28 நாள் தண்ணீரையும் கடைசி நாள் மொத்தமாகக் கொட்டுகிற மேஸ்திரியை சைட்டில் வைத்துக்கொள்வோமா?

காலையில் சோலார் அப்சர்வேட்டரிக்குப் போய் வந்தீர்கள். 1899-இல் ஏற்படுத்தப்பட்டது. 1909-இல் எவர்ஷெட் என்பவர், சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்பக்கமாக ஓடுவதை அங்கிருந்துதான் கண்டுபிடித்தார். ஆனால் அந்த இடத்தின் பெரிய சொத்து எது தெரியுமா? நூறு ஆண்டுக்கு மேலாக, வானம் தெளிந்த நாட்களில் எல்லாம் சூரியனைப் படம் எடுத்துச் சேர்த்து வைத்திருக்கிறார்களே, அதுதான். ஒவ்வொன்றும் ஒரு சாதாரணப் படம். சேர்ந்தபோது உலகமே தேடி வருகிற பொக்கிஷம்.

ஐந்து வாரத்தில் என்ன செய்யலாம்?

ஒன்று: ஒரு தலைப்பைப் படித்தவுடன் நோட்டை மூடி, வெள்ளைத் தாளில் எழுதுங்கள். படமும் ஃபார்முலாவும் உட்பட. விட்டுப்போனதை மட்டும் சிவப்பு மையில் சேருங்கள். மூன்று நாள் கழித்து அதே தாள், ஒரு வாரம் கழித்து மறுபடியும்.

இரண்டு: பழைய கேள்வித்தாளை எடுத்து, கடிகாரம் வைத்து, மூன்று மணி நேரம் முழுதாக உட்கார்ந்து எழுதுங்கள். கேள்வித்தாளை வாசித்து 'இது தெரியும், இது தெரியும்' என்று டிக் அடிப்பது படிப்பு அல்ல.

மூன்று: ஒன்று போலிருப்பதைச் சேர்த்துப் படியுங்கள். மாட்டையும் குதிரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் அவர்கள் படிக்கிறார்கள். நாமும் ஒரு பீமையும் ஒரு ஸ்லாபையும் பக்கத்தில் வைத்து, எங்கே ஒத்துப்போகிறது, எங்கே மாறுகிறது என்று பார்க்கலாம்.

நான்கு: ஆறு ஏழு மணி நேரம் தூங்குங்கள். படித்தது மூளையில் இறுகுவதே தூக்கத்தில்தான். மாடும் படுத்துத்தானே அசை போடுகிறது?

ஐந்து: ஒரு பரீட்சை முடிந்ததும் கேள்வித்தாளை மடித்துப் பையில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போங்கள். வாசலில் நின்று விடை சரிபார்த்த எவனுக்கும் அதனால் ஒரு மார்க் கூடியதாகச் சரித்திரம் இல்லை.

அரியர் என்பது முடிவு அல்ல

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் கடைசி செமஸ்டரில் ஒரு நண்பனுக்கு மூன்று அரியர் பாக்கி. தேர்வுக்கு முதல் நாள் சாயங்காலம் அவன் பெட்டியைக் காணோம். மூன்று பேர் தேடிக்கொண்டு போனோம். இரவு ஒன்பது மணிக்கு வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில், எந்தப் பஸ்ஸிலும் ஏறாமல் உட்கார்ந்திருந்தான். "வீட்டுக்கும் போக முடியலடா, ஹாலுக்கும் போக முடியலடா" என்றான். இரண்டு நாளாகச் சாப்பிட்டிருக்கவில்லை. நாங்கள் அறிவுரை ஒன்றும் சொல்லவில்லை. "வா மாப்ளே, முதல்ல சாப்பிடு" என்று பரோட்டா வாங்கிக் கொடுத்தோம். இரவு முழுக்க ஒருவர் அவனோடு இருந்தோம். மறுநாள் தேர்வு எழுதினான். எல்லாம் பாஸாகவில்லை. ஒன்று நின்றது, அடுத்த முறை எழுதி முடித்தான். இன்று பத்துப் பேருக்குச் சம்பளம் கொடுக்கிற நிலையில், இதே ஹாலில் மூன்றாவது வரிசையில் மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அவன் அனுமதியோடுதான் சொல்கிறேன்.

தம்பி தங்கைகளே, பக்கத்து ரூமில் ஒருவன் சாப்பிட வரவில்லை, பேச்சைக் குறைத்துவிட்டான் என்றால், அசை போடுவதை நிறுத்திய மாட்டைப் பார்ப்பது போல உடனே கவனியுங்கள். கதவைத் தட்டுங்கள். உங்களுக்கே மனது தாங்கவில்லை என்றால் 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் இருக்கிறது. 2022-இல் தொடங்கியது, இரவு பகல் எந்நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். அரியரை அடுத்த முறை எழுதிக்கொள்ளலாம், தம்பி. உங்களுக்குப் பதிலாக இன்னொரு ஆளை எங்கள் யாராலும் கொண்டுவர முடியாது.

முன்னாள் மாணவர்களுக்கு ஒரு விண்ணப்பம்

கடைசியாக என் வயதுக்காரர்களுக்கும் மூத்தவர்களுக்கும். வருடா வருடம் சந்திக்கிறோம், குரூப் போட்டோ எடுக்கிறோம், நன்கொடை கொடுக்கிறோம். எல்லாம் நல்லதுதான். இந்த வருடம் இன்னும் ஒன்று செய்வோம். நம்மில் ஒவ்வொருவரும் இறுதியாண்டு மாணவர் இருவரை எடுத்துக்கொள்வோம். வாரம் ஒரு நாள், அரை மணி நேரம், போனில் கேள்வி கேட்போம். பாடம் நடத்த வேண்டாம், கேட்டால் போதும். 'ஏன்? எப்படி? இல்லாவிட்டால் என்ன ஆகும்?' இந்த மூன்று கேள்வி போதும். நமக்கே பாதி மறந்திருக்கும். பரவாயில்லை, நாமும் கொஞ்சம் அசை போட்டது மாதிரி ஆயிற்று. செயலாளரிடம் ஒரு நோட்டு இருக்கிறது. சாப்பாட்டுக்குப் போகும் வழியில் பெயர் எழுதிவிட்டுப் போங்கள். முதல் பெயர் என்னுடையது.

இறுதியாண்டு மாணவர்கள் அனைவரும் தேர்வைத் தெளிவோடு எழுதி, உடம்பும் மனதும் நலமாக, அடுத்த வருடம் இதே சங்கத்தில் உறுப்பினராக வந்து உட்கார வேண்டும் என்று வாழ்த்துகிறேன்.